பெரியவருக்கு டிஸ்க் பிரேக்

தரம் சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை உண்டு. வீட்டில் ஒரு வேலை சொன்னால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. மாட்டேன் என்றால் சண்டை வரும். சரி என்று சொல்லிவிட்டு, உடனே செய்து, கொஞ்சமாகக் கெடுத்துவிட வேண்டும். நிறையக் கெடுத்தால் வேண்டுமென்றே செய்தது வெளிச்சத்துக்கு வந்துவிடும். கொஞ்சமாகக் கெடுத்தால் பரிதாபம் வரும். பரிதாபம் வந்துவிட்டால் அந்த வேலை அப்புறம் ஆயுளுக்கும் நம் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

கல்யாணமான புதிதில் சட்டைகளுக்கு இஸ்திரி போடச் சொன்னார்கள். ஒரே ஒரு காலரில் மட்டும் பெட்டியை இரண்டு மூச்சு அதிகமாக வைத்தார். அன்றோடு இஸ்திரியிலிருந்து விடுதலை. அடுத்த வருடம் கை கழுவும் தொட்டிக்குக் குழாய் மாட்டச் சொன்னார்கள். மாட்டினார். அது ராப்பகலாகச் சொட்டியது. குழாயிலிருந்தும் விடுதலை. காய் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டது மட்டும் கொள்கையில் சேராது, நிஜமாகவே நடந்தது. ஆனாலும் விடுதலை விடுதலைதானே.

இத்தனைக்கும் அவர் வேலை பார்ப்பது ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். பெல்ட்டில் ஓடுகிற ஆயிரம் பிஸ்கட்டில் ஓரம் கருகிய ஒன்றைக் கொட்டாவி விட்டுக்கொண்டே எடுத்துவிடுவார். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். வெளியில் குறையைக் கண்டுபிடிக்கிறவர் வீட்டில் குறையை உற்பத்தி செய்துகொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். பூச்சாடி தரையில் இருந்தது.

பூச்சாடி தரையில் இருப்பதில் என்ன விபரீதம் என்று நீங்கள் கேட்கலாம். அது எப்போதும் ஒரு பெட்டியின் மேல் இருக்கும். பெட்டிக்குப் பூப்போட்ட துணி விரித்திருக்கும். நாலு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வேகத்தில் தரம் சார் வாங்கி வந்த டிஸ்க் பிரேக் சாமான்கள் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. வாங்கிய வேகம் வாசற்படியோடு நின்றுவிட்டது. பெட்டியின் வாயைக்கூடப் பிரிக்கவில்லை. இப்போது துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் வாய் பிரிந்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, அதாவது அம்மையார், நின்றிருந்தார்.

"என்னங்க, பெரியவரைப் பார்க்க ஒருத்தர் வரார். ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு."

பெரியவர் என்பது வாசலில் நிற்கிற பழைய ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. வீட்டில் உள்ள எல்லோரையும்விட வயதில் மூத்தது, அதனால் அந்த மரியாதை.

"பார்க்கறதுன்னா?"

"விலைக்குத்தான். வேற எதுக்குப் பார்ப்பாங்க?"

"விக்கப் போறோம்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன். பதினோரு வருஷமா வாசலை அடைச்சிட்டு நிக்குது. நான் தினமும் ரெண்டு பஸ் மாறி ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போறேன். நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டுப் போய்த் திருப்பிட்டு வர்றீங்க. போன மாசம் என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. போன மாதம் மழை விட்ட ஒரு காலையில் தெருச்சரிவில் இறங்கியபோது பிரேக் பிடிக்கவில்லை. ஒரு மிதி, இரண்டு மிதி, மூன்று மிதி. நாலாவது மிதியில் இடது பக்கம் மட்டும் பிடித்தது. பெரியவர் இடது பக்கமாகத் திரும்பி, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் வாசலில் ஏறி, ஒரு பூந்தொட்டியை உடைத்து, அந்த அம்மா வழக்கமாக உட்காரும் ஸ்டூலையும் சாய்த்துவிட்டுத்தான் நின்றார்.

"அந்தம்மா ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் எழுந்து உள்ள போனாங்க," என்றார் அம்மையார்.

 அந்த ஸ்டூல் அன்றிலிருந்து தரம் சாரின் கனவில் வந்துகொண்டிருந்தது. காலியாக வந்தால்கூடப் பரவாயில்லை. சில நாள் காலியாக வராது.

"வாங்கறவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். முன் சக்கரம் ரெண்டுலயும் டிஸ்க் பிரேக் இருக்கணும். இல்லைன்னா தொடவே மாட்டாராம். சாமான்தான் வீட்லயே இருக்கே. மாட்டிடுங்க."

"சரிம்மா," என்றார் தரம் சார்.

வாய் கொள்கைப்படி சொல்லிவிட்டது. ஆனால் பெரியவர் இல்லாத வாசலை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. தொழிற்சாலையில் மேனேஜர் சொல்படி, வீட்டில் அம்மையார் சொல்படி. எந்தப் பக்கம் போகலாம் என்று அவராகத் தீர்மானிக்கிற ஒரே இடம் அந்த ஜீப்பின் ஸ்டியரிங்தான். பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதையும் பெரியவரே தீர்மானித்தார் என்றாலும், அந்த ஒரு இருக்கையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் இல்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டார். ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரங்களைக் கழற்றினார். பழைய பிரேக்கின் டிரம் இரண்டும் துருப்பிடித்துக் கழல மறுத்தன. சுத்தியலால் தட்டினார். தட்டிய தட்டில் தெருவே எட்டிப் பார்த்தது. ஒரு வழியாகக் கழன்றபோது உள்ளே இருந்த ஒரு ஸ்பிரிங் பறந்துபோய்ச் சமையலறை ஜன்னலில் மோதியது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. பழசு."

"உள்ளேயே வந்து விழுந்திருந்தா?"

"விழலயே."

புதன்கிழமை தெருக்கோடி மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் அவரிடம் எப்போதும் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவார், வைத்தியர் வயதானவரிடம் பேசுவதைப்போல.

"டிரம் பிரேக்குங்கறது பானைக்குள்ள கையை விட்டு விரலை விரிச்சுப் பானையைப் பிடிக்கிற மாதிரி சார். ஈரம் பட்டா வழுக்கும். டிஸ்க்குங்கறது தட்டை ரெண்டு பக்கமும் விரலால பிடிக்கிற மாதிரி. நழுவவே நழுவாது. அந்தத் தட்டைப் பிடிக்கிற கவ்விதான் காலிப்பர். பக்கத்துக்கு ஒண்ணு."

"மாட்டறது கஷ்டமா?"

"கஷ்டமே இல்ல. ஆனா ஒண்ணு. ரெண்டு காலிப்பரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இடதை வலதுல மாட்டினாலும் போல்ட் சேர்ந்துடும், ஓஸ் பைப்பும் சேர்ந்துடும். ஆனா ஏர் எடுக்கிற திருகு மேல் பக்கமா வரணும். மாத்தி மாட்டினா அது கீழ போயிடும். அப்புறம் நீங்க நாள் முழுக்க அமுத்தினாலும் உள்ள இருக்கிற காத்து வெளிய வராது. பெடல் புஸ்ஸுன்னு உள்ள போயிட்டே இருக்கும்."

"ஏன் அப்படின்னு தெரியாதா?"

"தெரியாது சார். எல்லாம் சரியாத்தான் இருக்கற மாதிரி இருக்கும். பெரிய பெரிய ஆளுங்களே இதுல ஏமாந்திருக்காங்க."

தரம் சாருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு போல்ட் குறையவில்லை. ஒரு சாமான் உடையவில்லை. பார்க்க எல்லாம் சரி. பெடல் மட்டும் பிடிக்காது. அதிலும் பெரிய ஆட்களே ஏமாந்த இடம். இதைவிடக் கௌரவமான ஒரு குறை கிடைக்குமா?

திட்டம் வீடு வந்து சேருவதற்குள் முழுதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் இருக்கையில் உட்காருவார். பெடலை மிதிப்பார். அது உள்ளே போகும். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் காலிப்பர்களை இடம் மாற்றிவிட்டால் பிரேக்கும் சரியாகிவிடும், பெரியவரும் வாசலிலேயே இருப்பார், தையல்காரம்மாவும் நிம்மதியாக ஸ்டூலில் உட்காரலாம்.

வியாழக்கிழமையும் லீவு போட்டு, நாள் முழுவதும் வேலை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு ஒழுங்கான வேலையை அவர் தன் வாழ்நாளில் செய்ததில்லை. பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்தார். வட்டத் தட்டுகளைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். பிரேக் ஆயில் அனுப்புகிற பழைய மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு, பெட்டியில் வந்த புதியதை வைத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை இறுக்கினார். பிறகு இடது காலிப்பரை வலது பக்கமும், வலது காலிப்பரை இடது பக்கமும் மாட்டினார். பெட்டியில் ஒரு படத்தாள் இருந்தது. அதில் திருகுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிச் சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தது. அதை நாலாக மடித்துத் தன் மெத்தைக்கு அடியில் வைத்தார்.

வைத்தபின்தான் கவலை பிடித்தது.

குழாய் வேறு, பிரேக் வேறு. குழாய் சொட்டினால் தண்ணீர்தான் போகும். வருகிறவர் பெடலை மிதித்துப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பிவிட்டால்? சில பேர் அப்படித்தான், சாவியைக் கண்டதும் திருகுவார்கள். சரிவில் இறங்கிவிட்டால்? அந்த ஸ்டூல்?  பேசாமல் சரியாக மாட்டிவிடலாமா என்று இரண்டு முறை ஸ்பானரை எடுத்தார். சரியாக மாட்டினால் ஞாயிற்றுக்கிழமை பெரியவர் போய்விடுவார். இரண்டு முறையும் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏர் எடுக்கிற வேலை. பிரேக் பைப்புக்குள் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும், காற்று இருந்தால் பெடல் பிடிக்காது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடுவார். மூடிய பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்கலாம். அம்மையார் மேலே. தரம் சார் கீழே.

"அமுத்து."

"அமுத்திட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

"விட்டாச்சு."

"எப்படி இருக்கு?"

"தலையணை மாதிரி இருக்கு."

"அமுத்து."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அவர் சொல்ல, அம்மையார் மறுபேச்சில்லாமல் செய்கிறார். அந்தச் சுகத்தில் கவலைகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. குரல் தானாகவே கனத்துக்கொண்டது. கீழே படுத்தபடி அண்ணாந்து பார்த்தார். அம்மையாரின் இடது காலும் வேலை செய்துகொண்டிருந்தது.

"கிளட்சை எதுக்கு அமுத்தற?"

"கால் சும்மா இருக்கேன்னு."

"சீட்டை யாரு முன்னால தள்ளினா?"

"எட்ட வேண்டாமா? நீங்க திருகைப் பாருங்க."

முப்பதாவது முறைக்கு மேல் அம்மையார் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பிரேக் ஆயில் ஒரு டப்பா தீர்ந்தது. பெடல் அப்படியே இருந்தது.

"ஏங்க, ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"காத்து மேலதானே போகும்?"

தரம் சார் எழுந்தார். எழுந்த இடத்தில் ஜீப்பின் அடிச்சட்டம் இருந்தது. நங்கென்று ஒரு சத்தம்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. இது வேற காத்து."

"வேற காத்துன்னா?"

"பிரேக்குக்குள்ள இருக்கற காத்து. அழுத்தத்துல இருக்குல்ல. அது கீழதான் வரும்."

"ஓ."

அம்மையார் கோபித்தால் அரை மணி நேரம் பேசுவார். அதைத் தாங்கிக்கொள்ளத் தரம் சாருக்குப் பழக்கம் உண்டு. ஒற்றை எழுத்தில் நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று பழக்கம் இல்லை. தலையைத் தடவிக்கொண்டு, "அமுத்து," என்றார்.

சனிக்கிழமை காலையில் முன் சக்கரங்களை மாட்டி, பெரியவரைத் தரையில் இறக்கினார். சக்கரம் வந்துவிட்டால் காலிப்பர் கண்ணுக்குத் தெரியாது. மத்தியானம் தொழிற்சாலையில் அரைநாள் வேலை.

"நான் சாயங்காலம் தையல்காரம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்," என்றார் அம்மையார்.

அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாகவே வேலையிலிருந்து வந்ததும் தையல்காரம்மாவிடம் துணி தைக்க என்று கிளம்பிவிடுகிறார். ஒருமணி நேரம் கழித்து வருகிறார். இந்த இரண்டு மாதத்தில் தைத்த துணி என்று ஒன்றாவது வீட்டுக்கு வந்ததா என்று தரம் சார் யோசித்திருக்கலாம். ஆயிரம் பிஸ்கட்டில் ஒன்றைப் பிடிக்கிறவர் இதைப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு வேலையிலும் புத்தி ஓடவில்லை. உடைந்த பிஸ்கட் இரண்டு தட்டு அவர் கண்ணெதிரிலேயே பாக்கெட்டுக்குள் போனது. திரும்பி வந்தபோது பெரியவர் குளித்துத் துடைத்து நின்றார். சக்கரத்தின் நடுமூடிகூட மின்னியது. ஜாக்கி, அவர் வைக்கிற மூலையில் இல்லாமல் வேறு மூலையில் இருந்தது. விற்கிற பொருளைப் பளபளப்பாக்கியிருக்கிறாள் என்று நினைத்துத் துக்கப்பட்டார். எதிர்வீட்டு வாசலில் தையல்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காலுக்கு என்னம்மா?"

"இன்னிக்கு நிறைய மிதிச்சுட்டேன் சார்."

"நிறையத் துணியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்று சிரித்துவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

மெத்தை உறை மாற்றியிருந்தது. சனிக்கிழமைதோறும் மாற்றுவதுதான். படத்தாள் அடியில் அப்படியே இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இருந்தது. நிம்மதியாகப் படுத்தார். அது நாலாக மடித்ததா, இரண்டாக மடித்ததா என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சரியாக அவர் வந்தார். பெரிய மீசை. கையில் சின்ன நோட்டுப் புத்தகம். வண்டி வாங்க வருகிறவர்கள் வழக்கமாக என்ஜினைப் பார்ப்பார்கள், அடியில் துரு இருக்கிறதா என்று குனிவார்கள். மீசைக்காரர் கேட்ட கேள்விகள் வேறு.

"சீட்டு எவ்வளவு முன்னால வரும்?"

"வரும் சார், ஒரு சாண்."

"உயரம் கம்மியா இருக்கிறவங்களுக்குக் கால் எட்டுமா?"

தரம் சார் மீசைக்காரரை அண்ணாந்து பார்த்தார். ஆள் ஆறடிக்குக் குறையாது. "யாருக்கு சார் ஓட்ட?"

"பக்கத்துல உக்கார்றவருக்குப் பிடிச்சுக்கக் கம்பி இருக்கா?"

"இருக்கு."

"கெட்டியா?"

மீசைக்காரர் கம்பியை ஆட்டிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வலது காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார். தரம் சாரின் இதயம் அந்தப் பெடலின் அடியில்தான் இருந்தது. மீசைக்காரர் ஒரு மிதி மிதித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ம்," என்றார். நோட்டில் எதையோ எழுதினார்.

"உள்ள போகுது, இல்லையா சார்?" என்று தரம் சார் முந்திக்கொண்டார். "ரெண்டு நாளா ஏர் எடுத்தும் வரல. என்ன செய்ய, பழைய வண்டி. பெரிய பெரிய ஆளுங்களே இதுல..."

"ஓட்டிப் பார்த்துடலாம்," என்றார் மீசைக்காரர். கை சாவியில் இருந்தது.

"வேண்டாம் சார்!"

"ஏன்?"

தரம் சார் தெருவைப் பார்த்தார். சரிவு கண்முன்னால் இருந்தது. கீழே, தையல்காரம்மாவின் வாசலில் ஸ்டூல் இருந்தது. இன்று அது காலியாக இல்லை. அந்த அம்மா அதில் சாவகாசமாக உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இறங்குங்க. நானே ஓட்டிக் காட்டறேன்," என்றார். இன்னொரு ஆளைச் சாகடிப்பதைவிட அது மேல் என்று தோன்றியது. முதல் கியர், பத்தடி தூரம், உடனே கை பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு, பார்த்தீங்களா பிடிக்கலை என்று சொல்லிவிடலாம். வேர்த்த கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஏறினார்.

"நான் அங்க நிக்கறேன்," என்றது அம்மையாரின் குரல். "எனக்கு முன்னாடி வந்து நிறுத்துங்க."

சொல்லிவிட்டு நடந்துபோய்த் தெருவின் நட்டநடுவில், சரிவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அங்க எதுக்கும்மா? ஓரமா நில்லு."

"இங்கதான் நல்லா தெரியுது. வாங்க."

"ஓரமா நில்லுன்னு சொல்றேன்ல."

"ஏன், பிரேக்தான் மாட்டிட்டீங்களே?"

மீசைக்காரர் வாட்சைப் பார்த்தார். தரம் சார் கிளப்பினார். பெரியவர் ஒருமுறை இருமி, முதல் கியரில் நகர்ந்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கூட ஒருவர் நடந்தால் முந்திவிடும் வேகம்தான். ஆனால் தரம் சாருக்கு அது ஆகாய விமானமாக இருந்தது. சரிவு தொடங்கியது. அம்மையார் பெரிதாகிக்கொண்டே வந்தார். புடவையின் கரை தெரிந்தது. நெற்றி தெரிந்தது. கண் தெரிந்தது. கை பிரேக் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது. பத்தடி போயிற்று, இருபதடி போயிற்று. இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு பயம் எழுந்து வந்து வாயைத் திறந்தது.

"தள்ளிப் போம்மா! பிரேக் இல்ல! நான்தான் மாத்தி மாட்டினேன்! வேணும்னே மாத்தி மாட்டினேன்! இடதை வலதுல மாட்டினேன்! தள்ளு!"

தெருவில் இருந்த அத்தனை ஜன்னலும் திறந்தன. அதே நொடியில், பதினோரு வருடப் பழக்கத்தில், அவருடைய வலது கால் தானாகப் பெடலை மிதித்தது.

பெடல் கல்லாக இருந்தது.

பெரியவர் நின்றார். இடது பக்கம் இழுக்கவில்லை, வலது பக்கம் இழுக்கவில்லை. நின்ற இடத்தில் அப்படியே நின்றார். தரம் சார் மட்டும் நிற்காமல் போய் ஸ்டியரிங்கில் நெற்றியை இடித்துக்கொண்டார். என்ஜின் அணைந்தது.  அம்மையார் நாலடி தூரத்தில் அதே கட்டிய கையோடு நின்றிருந்தார்.

"நல்லாப் பிடிக்குதே," என்றார்.

தரம் சார் இறங்கினார்.  "எப்படி?" என்றார். 

"அந்தப் படத்துல சிவப்பு அம்பு மேல பார்த்துப் போட்டிருந்துச்சு. நான் வண்டிக்கடியில குனிஞ்சு பார்த்தா திருகு கீழ பார்த்துட்டிருந்துச்சு. பக்கத்துக்கு ரெண்டு போல்ட்டு. மாத்தி மாட்டினோம். நான் கீழ படுத்துக்கிட்டேன். இந்தம்மா மேல உக்காந்து மிதிச்சாங்க."

"பதினாறே மிதி சார்," என்றார் தையல்காரம்மா ஸ்டூலிலிருந்து. "எங்க மெஷினே இதைவிடக் கஷ்டம். சக்கரத்தைக் கழட்டினதுலதான் கால் பிடிச்சுக்கிச்சு. ஸ்பானர் மேல ஏறி மிதிக்க வேண்டியதாப் போச்சு."

"எல்லாம் தெரிஞ்சும் நடுத்தெருவுல நின்னியே?"

"தெரிஞ்சதனாலதான் நின்னேன். ராத்திரியே கொண்டுபோய்ப் பார்த்துட்டு வந்தோமே... நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க."

"கொண்டுபோய்னா? யாரு ஓட்டினா?"

அம்மையார் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"காலரைத் தீய்ச்சீங்க, இஸ்திரியை விட்டேன். குழாய் சொட்டுச்சு, மறுவாரமே நானே வாஷர் மாத்திட்டேன். பதினெட்டு வருஷமா உங்க வேலையைப் பார்த்துட்டிருக்கேன். பிரேக்கை மாட்டுங்கன்னு சும்மா சொன்னா அந்தப் பெட்டி மேல இன்னும் நாலு வருஷம் பூச்சாடி இருக்கும். விக்கப் போறேன்னு சொன்னா உடனே முழுசா மாட்டுவீங்க, எங்கயாவது ஒரே ஒரு இடத்துல கெடுப்பீங்க. எனக்கு அந்த ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சா போதும்."

தரம் பார்க்கும் பிரிவில் இருபது வருடம் இருந்தவருக்குத் தன்னை யாரோ பெல்ட்டிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததாகத் தோன்றியது. கோபப்படலாமா என்று பார்த்தார். கோபம் வரவில்லை. அவள் உயிரோடு நாலடி தூரத்தில் நிற்கிறாள், அது ஒன்றே அப்போதைக்கு நிறைந்திருந்தது. பெரியவர் ஞாபகம் பிறகுதான் வந்தது.

"அப்ப... விக்கறது?" என்று மீசைக்காரரைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு சார் ஜீப்பு?" என்றார் மீசைக்காரர். "என் டிரைவிங் ஸ்கூல்ல மூணு கார் நிக்குது. அம்மா ரெண்டு மாசமா என்கிட்ட கத்துக்கறாங்க, லைசென்ஸும் வந்தாச்சு. நாளையிலிருந்து இதுலதான் வேலைக்குப் போகப் போறேன்னாங்க. அந்தப் பழைய டிரம் பிரேக்கோட என் மாணவியை ரோட்டுல விடமாட்டேன்னு சொல்லிட்டேன். அதான் பார்த்துட்டுப் போக வந்தேன். வேலை சுத்தம் சார். யாரு மாட்டினது?"

தையல்காரம்மா குனிந்து ஊசியில் நூல் கோத்தார்.

பெரியவர் போகவில்லை. அதே வாசல், அதே ஜீப். தரம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனம் நிறைந்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறக் காலைத் தூக்கினார். அங்கே ஏற்கெனவே அம்மையார் இருந்தார். இருக்கை ஒரு சாண் முன்னால் போயிருந்தது.

"அந்தப் பக்கமா வந்து ஏறுங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

சுற்றிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினார். மீசைக்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். அம்மையார் சாவியைத் திருப்பினார். பெரியவர் இந்தமுறை இருமவில்லை. முதல் கியர், இரண்டாவது கியர், தையல்காரம்மா கையசைக்க, சரிவில் அவர்கள் இறங்கினார்கள். தெருக்கோடி வந்தது. தரம் சார் எப்போதும் திரும்புகிற இடம் அது. அம்மையார் திரும்பவில்லை. மூன்றாவது கியர். எதிரே ஒரு லாரி வந்தது. தரம் சார் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி, முன்னாலிருந்த வெறும் தகரத்தை உள்ள பலமெல்லாம் கொண்டு மிதித்தார்.

"விடுங்க," என்றார் அம்மையார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."